பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் ஆயில்யம்

ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்ற அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? எனக்கு இருக்கிறது. ரெண்டு மாதத்துக்கு முன்பு, ஸ்ரீரங்கத்தில். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், நீங்களாவது உஷாராக இருங்கள்.

என் அக்கா மகள் சுமதிக்கு வரன் பார்க்கிறோம். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது இருபத்தாறு. அத்தான் காலமாகிவிட்டதால் தாய்மாமன் நான்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும். ஏழெட்டு வீட்டார் வந்தார்கள், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டார்கள், 'லெட்டர் போடுறோம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் போடுகிறார்கள்.

கடைசியாக வந்தது தில்லைநகர் வரன். மாப்பிள்ளை பாஸ்கர் ஒரு ஃபாக்டரியில் என்ஜினீயர். அப்பா சதாசிவம் ரிடையரான சூப்பரின்டெண்டென்ட். பையனும் பெண்ணும் கொல்லைப்பக்கம் நின்று பத்து நிமிஷம் பேசினார்கள். திரும்பி வந்தபோது சுமதி முகத்தில் சிரிப்பு. இத்தனை வரன் வந்து போனதில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜாதகம் மட்டும்தான் பாக்கி" என்றார் சதாசிவம். "நாங்க ஜோசியர்கிட்ட எல்லாம் போறதில்லைங்க. அதெல்லாம் அந்தக் காலம். உங்க ஸ்ரீரங்கத்துலயே கோபுரத்துக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் ஜாதகம் வந்திருக்கு. டூ எய்ட்டி சிக்ஸ்!"

"அப்படின்னா?"

"பிராசஸருங்க. லேட்டஸ்ட்."

என்னமோ மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்வதுபோல அவ்வளவு பெருமை!

மறுநாள் காலை அங்கே கூடினோம். சதாசிவம், அவர் சம்சாரம், நான். கண்ணாடிக் கதவு. உள்ளே ஏ.சி. 'காலணிகளை வெளியே விடவும்' என்று போர்டு. கோயிலுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே செருப்புக்கு டோக்கன் இல்லை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். மேலே ஒரு முழம் கதம்பம். உரிமையாளர் சேகர், டை கட்டிய முப்பது வயது ஆசாமி. எங்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"பதினாறு பிட் பிராசஸர் சார். பன்னெண்டு மெகாஹெர்ட்ஸ். உள்ள இருக்கிற அந்த ஒரு சிப்புல மட்டும் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் டிரான்சிஸ்டர்."

"எங்க வீட்டு ரேடியோல ஆறுதான்" என்றார் சதாசிவத்தின் சம்சாரம், மிகுந்த பக்தியோடு.

"அதுமட்டும் இல்லம்மா. கணக்குப் போடறதுக்குன்னே தனியா இன்னொரு சிப்பு. கோ-பிராசஸர். டெல்டா ஜில்லாவுலயே இது எங்ககிட்ட மட்டும்தான். கிரகத்தைப் புள்ளிக்கு அப்புறம் பன்னெண்டு தசம ஸ்தானம் வரைக்கும் பிடிச்சிரும்."

பாவம் கிரகங்கள். எங்கே ஓட முடியும்?

டர்போ என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் எட்டு மெகாஹெர்ட்ஸ் பன்னிரண்டாகும். முகப்பில் சிவப்பு எழுத்தில் தெரியும். சேகர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "ராகு காலம் முடிஞ்சிருச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க கையால அமுக்கிருங்க சார்." சதாசிவம் எழுந்து, கிழக்கே பார்த்து நின்று, கண்ணை மூடி அமுக்கினார். எட்டு போய்ப் பன்னிரண்டு வந்தது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நானும் எழுந்துதான் நின்றேன்.

மாப்பிள்ளை விவரத்தை முன்பே ஏற்றி வைத்திருந்தார்கள். பெண் விவரம் மட்டும் பாக்கி. மஞ்சள் தடவிய ஜாதக நோட்டு என் கையில். நான் வாசிக்க, சேகர் தட்டினார்.

"பிறந்த தேதி?"

"பன்னெண்டு. திங்கட்கிழமை."

"நேரம்?"

"மூணு இருபது."

"ஏ.எம்.மா பி.எம்.மா சார்?"

நோட்டில் 'இரவு மணி 3-20' என்று இருந்தது. "ஏ.எம்." என்றேன், கணீரென்று. அந்த மாபெரும் மெஷின் எங்களைக் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. அதற்கு நான் சொன்ன பதிலில்தான் என் அக்கா மகள் வாழ்க்கை சிக்கிக்கொண்டது.

நாலு நிமிஷம். பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று அழுதது. ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதம் நீளமாக வெளியே வந்தது. எல்லாம் ஆங்கில எழுத்து. சேகர் கிழித்து வாசித்தார்.

"நட்சத்திரம்... ஆயில்யம்."

நோட்டில் மகம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மகம் என்றுதானே இருபத்தாறு வருஷமாக அர்ச்சனை செய்கிறோம்?

ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று நம் ஊரில் ஒரு பயம் உண்டு. அந்த அம்மாள் நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளிக்கொண்டாள். பெண் அங்கே இல்லை. காகிதத்தைப் பார்த்தே இப்படி!

"நோட்டுல மகம்னு இருக்குங்களே" என்று இழுத்தேன்.

"அது யாரோ ஜோசியர் விரல் விட்டு எண்ணிப் போட்டதுங்க" என்றார் சதாசிவம். "இது பன்னெண்டு தசம ஸ்தானம்!"

நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டேன். ஊரில் எல்லாரையும் கிண்டல் பண்ணி எழுதுகிற பெரிய மனிதன், லட்சத்துச் சொச்சம் டிரான்சிஸ்டருக்கு முன்னால் பேச்சு மூச்சில்லாமல் நின்றேன். பழைய ஜோசியர்தான் தப்பு செய்துவிட்டார்போல என்றுகூட நினைத்தேன். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இப்படி ஒரு புத்தி.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் அந்த அம்மாள். "பொண்ணு தங்கம். ஆனா நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு பார்க்கிறேங்க."

காந்தி மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய்க்குப் பத்துத் தடவை காம்பைக் கிள்ளிப் பார்க்கிறவள் அவள். இந்தக் காகிதத்தை வாங்கி ஒரு தடவை திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா அதிர்ந்துபோனாள்.

"ஆயில்யமா? யாரு சொன்னா? திங்கட்கிழமை சாயங்காலம் வலி எடுத்து, செவ்வாய்க்கிழமை விடியறதுக்கு முன்னாடி பொறந்தவடா! பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"நோட்டுல திங்கள்னு இருக்கேக்கா?"

"பொழுது விடியலையேடா! விடிஞ்சாத்தானே செவ்வாய்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பஞ்சாங்கத்துக்கு ஒரு நாள் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறுநாள் உதிக்கும் வரை. திங்கள் இரவு மூன்று மணி என்றால் ஜோசியருக்கு அது இன்னும் திங்கள்தான். மெஷினுக்கோ பன்னிரண்டு மணி அடித்தாலே மறுநாள். பதின்மூன்றாம் தேதி ஏ.எம். என்று சொல்லியிருக்க வேண்டியதை நான் பன்னிரண்டாம் தேதி ஏ.எம். என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். முழுதாக ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டேன். சந்திரனும் ஒரு நட்சத்திரம் பின்னால் போய் ஆயில்யத்தில் உட்கார்ந்துவிட்டது. தப்பான நாளுக்குப் பன்னிரண்டு தசம ஸ்தானம் துல்லியம்!

ஓடினேன் சேகரிடம்.

"டேட்டா நீங்க குடுத்தது சார். மெஷின் தப்பு பண்ணாது."

"மெஷினைச் சொல்லலை. திங்கள் ராத்திரியா, செவ்வாய் விடியக்காலையான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"பன்னெண்டு மெகாஹெர்ட்ஸ் சார் இது!"

"அப்படின்னா என்னய்யா?"

"செகண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் துடிப்பு."

"அவ்வளவு துடிப்புல ஒண்ணுக்குக்கூட அது தோணலையா?"

சேகருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் தேதியை மாற்றிப் போட்டார். நாலு நிமிஷம். கிர்ர் கிர்ர். மகம்! பழைய ஜோசியர் கைவிரலால் கண்டுபிடித்த அதே மகம். முந்தின காகிதம் தப்பு என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அது மட்டும் முடியாது, கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்றார்.

இதற்குள் இன்னொரு விபரீதம். அந்த அம்மாள் ஆயில்யக் காகிதத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரகரிடம் கொடுத்திருக்கிறாள், ஏன் வேண்டாம் என்கிறோம் என்பதற்கு அத்தாட்சியாக. தரகரிடம் ஒரு காகிதம் போனால் ஊரில் மாமியார் உள்ள எல்லா வீட்டுக்கும் போன மாதிரி. மாமியார் இல்லாத வீடாகப் பார்த்து எங்கே தேடுவது? அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சுமதி ஸ்கூலுக்குப் போனாள், வந்தாள், பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதுக் காகிதம், நோட்டு, பஞ்சாங்கம், மூன்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தில்லைநகருக்கு டவுன் பஸ் ஏறினேன். என் தப்பு, நான்தான் தீர்க்க வேண்டும்.

சதாசிவம் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள், பாஸ்கர் உட்பட. விளக்கமாகச் சொன்னேன். சூரிய உதயம், பன்னிரண்டு மணி, ஏ.எம்., எல்லாம். தப்பு என்னுடையதுதான் என்று கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன்.

சதாசிவம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து வேறொரு காகிதத்தை எடுத்தார்.

"எங்களுக்கும் மனசு கேக்கலீங்க. ஒரு மெஷினை நம்பி நல்ல இடத்தை விட்டுடக் கூடாதுன்னு நேத்து இன்னொரு இடத்துல போட்டுப் பார்த்தோம். இங்கயே தில்லைநகர்ல புதுசா வந்திருக்கு. த்ரீ எய்ட்டி சிக்ஸ்! முப்பத்திரண்டு பிட். ரெண்டே முக்கால் லட்சம் டிரான்சிஸ்டர்!"

வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி, ஏ.எம். 3-20. பழைய காகிதத்தைப் பார்த்து அப்படியே தட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆயில்யம். ஸ்ரீரங்கத்தில் நாலு நிமிஷம் எடுத்த தப்பைத் தில்லைநகரில் ஒரே நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம்.

"அதே தப்புத் தேதிதானேங்க இதுலயும் இருக்கு?"

"நீங்க கொண்டுவந்தது டூ எய்ட்டி சிக்ஸ் பேப்பருங்க" என்றார் சதாசிவம், குழந்தைக்குச் சொல்வதுபோல. "இது த்ரீ எய்ட்டி சிக்ஸ். எதைங்க நம்பறது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஆபீசில் முப்பது வருஷம் இவர் எத்தனை ஃபைல் பார்த்திருப்பார், எத்தனை பேர் தலையெழுத்தை இப்படிப் படித்திருப்பார்!

பாஸ்கர் பக்கம் திரும்பினேன். "தம்பி, நீங்க படிச்சவர். ரெண்டையும் பாருங்க."

பார்த்தார். ஒரு காகிதத்தில் பன்னிரண்டு, இன்னொன்றில் பதின்மூன்று. நோட்டையும் பார்த்தார். புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. இரண்டு காகிதத்தையும் அழகாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"அம்மாவுக்கு பிரஷர் இருக்கு மாமா. மனசுல விழுந்திருச்சு."

என்ஜினீயராம்! ஃபாக்டரியில் ஏதாவது ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினாலும் அம்மாவுக்குப் பிரஷர் என்று விட்டுவிடுவார்போல. காபி கொண்டுவந்தார்கள். குடிக்காமல் எழுந்து வந்தேன். என் கோபத்துக்கு அன்றைக்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"ரெண்டு பேப்பரையும் அவர் கையில வாங்கிப் பார்த்தாரா மாமா?"

"பார்த்தாரும்மா."

"தேதி வேற வேறன்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அப்புறமும் பேசாம இருந்தாரா?"

நான் தலையை ஆட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அந்தப் பத்து நிமிஷச் சிரிப்பை எனக்கு மறக்க முடியவில்லை, அவளுக்கு எப்படி முடியும்?

"நாளைக்குக் காலையில முதல் வேலையா தரகர்கிட்ட போறேன்" என்றேன். "அந்த ஆயில்யத்தைப் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு மகத்தைக் குடுத்துட்டு வரேன்."

"வேண்டாம் மாமா."

"என்னது?"

"அது அங்கயே இருக்கட்டும். நோட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதோட சேர்த்துக் குடுங்க. புதுப் பேப்பர் வேண்டாம். யாரு கேட்டு வந்தாலும் அந்த ரெண்டையும் காட்டச் சொல்லுங்க. நோட்டுல மகம்னு இருக்கே, இதுல ஏன் ஆயில்யம்னு வந்துச்சு, தேதியைச் சரி பார்த்தீங்களான்னு ஒரு ஆள் கேக்கட்டும். அவருக்குக் கழுத்தை நீட்டுறேன். ஆயில்யம்னு பயந்து ஓடுறவங்க ஓடட்டும். எனக்கு அலைச்சல் மிச்சம்."

"அதுக்குள்ள உனக்குத் தலை நரைச்சுடும்டி!" என்று அக்கா கத்தினாள்.

"நரைக்கட்டும்மா" என்றாள் சுமதி. பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்துச் சிவப்பு மையால் திருத்த ஆரம்பித்தாள்.

அவள் சொன்னபடியே இரண்டு ஜெராக்ஸையும் சேர்த்துத் தைத்துத் தரகரிடம் கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஆறு வாரம் ஆகிறது. இதுவரை நாலு வீட்டார் பார்த்திருக்கிறார்கள். ஒரு வக்கீல், ஒரு பேராசிரியர், ஒரு பாங்க் மானேஜர், உறையூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர். நாலு பேரும் காகிதத்தை வாங்கியதும் கேள்வி கேட்டார்களாம். ஆமாம், நாலு பேருமே கேட்டார்கள்.

"இது எந்த மெஷின்ல போட்டதுங்க?"