வால்வுக்காரரிடம் ஒரு விண்ணப்பம்

ஜமுனாமரத்தூருக்குச் சற்று முன்னால், எங்கள் ஊர் மேட்டில், எங்கள் திருச்சபைக்கு ஒரு சின்ன முகாம் வீடு இருக்கிறது. அங்கே சமைப்பதுதான் பல வருடமாக என் வேலை. சென்னையிலிருந்து வாலிபர்கள் வந்து இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். பரிமாறிவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

இந்த வருடம் குடியரசு தின விடுமுறைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனி, பேங்க் என்று வேலை பார்ப்பவர்கள். கூட்டி வந்த போதகர் சுவரில் பெரிய தாளை ஒட்டி, "வேலைக்குப் போகும்போது விசுவாசத்தை எங்கே வைத்துவிட்டுப் போகிறோம்?" என்று எழுதியிருந்தார். அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசினார்கள். ஒரு பெண் மட்டும் என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ஆபீஸ் மீட்டிங்கில் ஏதாவது தப்பு என்று தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டாளாம். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று எல்லாரிடமும் ஜெபக் குறிப்பு கேட்டார்கள். என்னையும் விடவில்லை. எங்கள் தெருக் குழாயில் ஒன்பது மணிக்குத்தான் தண்ணீர் வருகிறது, அந்த நேரம் நான் இங்கே இருப்பேன், மற்ற பெண்கள் நிலத்து வேலைக்குப் போயிருப்பார்கள், ஆறு மணிக்கு வந்தால் எல்லாருக்கும் கிடைக்கும், மூன்று வருடமாக ஜெபிக்கிறேன் என்றேன்.

வெங்காயம் உரித்த பெண் மெதுவாகக் கேட்டாள். "ஆன்ட்டி, ஆண்டவர்கிட்ட கேட்டீங்க, சரி. வால்வைத் திறக்கிறவர்கிட்ட கேட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கேட்டதே இல்லை. அவர் வீடு எங்கள் அடுத்த தெருவில்தான்.

மறுநாள் குடியரசு தினம், ஊரில் கிராம சபை. "இன்னைக்குப் பாடம் அங்கதான்" என்று போதகர் எல்லாரையும் கிளப்பிவிட்டார். வழியெல்லாம் நான் அந்தப் பெண்ணிடம், "எனக்குப் பதிலா நீயே பேசிடும்மா" என்று கெஞ்சினேன். பாவம், ஒப்புக்கொண்டாள். சாமியானாவுக்குக் கீழே எழுந்தும் நின்றாள்.

பஞ்சாயத்துத் தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இன்னாம்மா, உனுக்கு ஓட்டு எந்த ஊர்ல?"

"சென்னைங்க."

"அப்ப அங்க போய் பேசும்மா. இங்க குந்திப் பாரு, டீ குடி."

அவள் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அங்கே ஓட்டு இருந்தது. என் கை தானாக உயர்ந்தது என்று சொன்னால் பொய். பக்கத்து வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஆண்டவர் செய்த நன்மைகளை வருடத்துக்கு ஒருமுறை ஆராதனையில் எழுந்து சொல்லும் சாட்சியைத் தவிர, பத்துப் பேர் முன்னால் நான் எதுவும் பேசியதில்லை. எழுந்ததும் அதுதான் வந்தது. "கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். போன வருஷம் முழுக்க நம்மைக் காத்து நடத்தினதுக்காக நன்றி சொல்றேன்."

முன்னால் இருந்த ஒருவர் திரும்பினார். "இன்னாம்மா, ஜெபக் கூட்டம் மேல முகாம் வீட்லதானே நடக்குது? இங்கியுமா?"

"நீ சும்மா இரு மாமா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அது நன்றிதானே சொல்லுது. நீ யாருக்காச்சும் சொல்லியிருக்கியா?"

எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சாட்சியின் வரிசைப்படியே போனேன். முதலில் நன்றி. பனியிலும் மழையிலும் தவறாமல் தண்ணீர் திறப்பவருக்கு நன்றி என்றேன். அடுத்து பாடு, அதாவது படும் கஷ்டம். எந்த வீட்டில் யாருக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை என்று சொன்னேன். கடைசியில் விண்ணப்பம். ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். சொல்லி முடித்து, "ஆமென்" என்று உட்கார்ந்தேன். பின்னால் எட்டுப் பேரும் சத்தமாக ஆமென் சொன்னார்கள். சாமியானா முழுக்கச் சிரிப்பு.

வால்வுக்காரர் எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு ஒம்போது மணிக்கு வேணும்னாங்க, அதான். அவங்க தனியா போர் போட்டு நாலு வருஷம் ஆச்சு. மாத்தச் சொல்லி எங்கிட்ட யாரும் கேக்கலியே! நாளைக்கே ஆறு மணிக்குத் தொறக்கறேன்."

தலைவர் அதைத் தீர்மானமாக எழுதச் சொன்னார்.

மறுநாள் ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. குடம் குடமாகப் பிடித்ததில் முகாம் ஞாபகமே எனக்கு இல்லை. அடுப்படிச் சாவி என் இடுப்பில். எட்டுப் பேரும் பசியோடு தேடிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள்.

"திங்கக்கிழமை மீட்டிங்ல நானும் பேசப் போறேன் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். "முதல்ல யாருக்கு நன்றி சொல்றதுன்னுதான் தெரியல. எங்க டீம்ல ஒருத்தரும் தேற மாட்டாங்க."

அப்போது தெருக் கோடியில் வால்வுக்காரர் சைக்கிளை நிறுத்தினார். "இன்னாம்மா, ஆறு மணி போதுமா? அஞ்சரையாக்கட்டுமா?"

"வேணாங்க! ஆறே போதும்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.