டக் கைப்பிடியில் என் கட்டைவிரல்

1. டக் வந்த நாள்

டக் வந்த அன்றைக்கு எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் வேலை போய்விடும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நான் இரண்டும் செய்யாமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மூடிப்போன தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு பழைய ஸ்டோர் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, டிரெய்லர் கட்டி விற்கிற கம்பெனி அது. டிபன் கடை டிரெய்லர், கட்டட வேலை நடக்கிற இடத்துக்கு ஆபீஸ் டிரெய்லர், எல்லாம் பெங்களூருக்குப் போகும். அதற்கு முன் பதினெட்டு வருஷம் நான் தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் குடோனில் சரக்கு தூக்கும் பேலட் டிரக் ஓட்டினவள். விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடி ஓடி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் யார்டு சூப்பர்வைசர் வேலை என்றதும் யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன்.

டக் என்பது பேட்டரியில் ஓடும் சின்ன இழுவை மிஷின். ஏறி உட்கார இடம் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். அதன் தலையில் இருக்கும் இரும்புக் குண்டை டிரெய்லரின் மூக்கில் மாட்டி, கைப்பிடி சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை டன் வண்டி சத்தமில்லாமல் நகரும். விரலை எடுத்தால் பிரேக் பிடித்து நின்றுவிடும். ஷெட்டுக்குள் டிரெய்லருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. டிராக்டர் உள்ளே வராது. டக் ஒன்றுதான் வழி.

"சாந்தம்மா, பத்து பேர் வேலைய இனிமே நீங்க ஒருத்தரே பண்ணலாம்" என்றார் மேனேஜர் சிவண்ணா. அவர் துமகூர்க்காரர். எங்களோடு பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர்.

"அந்தப் பத்து பேர் சம்பளத்த ஒருத்திக்கே குடுப்பீங்களா சார்?" என்று கேட்டேன். அவருக்கு அன்றைக்கு மட்டும் தமிழ் புரியவில்லை.

2. தள்ளுகிற பழக்கம்

டக் வருவதற்கு முன் ஆட்கள்தான் தள்ளினார்கள். ஃபிட்டர் தேவராஜு பின்னால் நின்று "வா, வா, வா" என்று குரல் கொடுப்பான். அவன் குரல் நின்றால் எல்லோரும் தள்ளுவதை நிறுத்துவார்கள். குரல் கொடுக்கக் கொடுக்கத்தான் வண்டி நகரும்.

தேவராஜு என்னைவிட ஆறு வயது சின்னவன். இதே சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில், தொழிலாளிகளுக்குக் கட்டின எங்கள் லைன் வீடுகளுக்கு அடுத்த லைனில் வளர்ந்தவன். என் அப்பாவும் அவன் அப்பாவும் ஒரே ஷிஃப்டில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான், ஆனால் தம்பிக்கு உண்டான பயம் ஒரு துளியும் கிடையாது.

டக் வந்ததும் வேலை சுலபமாயிற்று, வாயும் சோம்பேறியாயிற்று. நாள் முழுக்க எவன் கத்துவான்? "இன்னாத்துக்குக்கா தொண்டத் தண்ணி வத்தக் கத்தணும்? நிறுத்துன்னு சொன்னா நிறுத்து, அவ்ளோதான்" என்றான். நானும் சரி என்றேன். முன்பெல்லாம் சத்தம் இருந்தால்தான் தள்ளுவோம். இப்போது சத்தம் வந்தால்தான் நிறுத்துவோம். எவ்வளவு பெரிய மாற்றம் அது என்று எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. யார்டு சூப்பர்வைசர் என்று சட்டையில் எழுதி மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

3. சிவண்ணா வெளியே ஓடினது

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கம் ஓடின காலத்தில், பூமிக்கு அடியில் பாறை வெடித்து மேலே ஊரே ஒரு உலுக்கு உலுக்கும். அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். தும் என்று ஒரே அடி, அலமாரிப் பாத்திரம் கடகடக்கும், முடிந்தது. சுரங்கம் மூடின பின்னும் எப்போதாவது வரும். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிற மாதிரி. யாரும் தலை திருப்ப மாட்டோம்.

சிவண்ணா வந்த புதிதில் ஒரு நாள் மதியம் ஷெட் அதிர்ந்தது. தகர ஷட்டர் படபடத்தது. மனுஷர் செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடிவிட்டார். நாங்கள் தயிர்சாதத்திலிருந்து கை எடுக்கவில்லை. "இன்னா சார், ஏர் பிளாஸ்ட்டுக்குப் போயி ஓடறீங்க" என்று தேவராஜு அவரை ஒரு வாரம் ஓட்டினான். எங்களுக்கு அதில் ஒரு பெருமை. பூமி ஆடினாலும் அசையாத ஆட்களாம் நாங்கள்.

4. டெலிவரி நாள்

லதா என்று ஹொஸ்கோட்டேயிலிருந்து ஒரு அம்மா டிபன் டிரெய்லர் எடுக்க வந்திருந்தார். அவருடைய வண்டியை வெளியே எடுக்க வேண்டுமானால், வழியில் நின்ற ஆபீஸ் டிரெய்லரைக் கடைசி சந்துக்குள் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்த வேண்டும். சந்தின் ஒரு பக்கம் இன்னொரு டிரெய்லர், மறு பக்கம் பிளைவுட் அடுக்கி வைத்த இரும்பு ரேக், கடைசியில் சுவர். அந்த இடத்தில் தரை சுவரைப் பார்த்துச் சரிவு.

தேவராஜு சுவர் ஓரமாக நின்று இடைவெளி பார்த்தான். பதினாலடி டிரெய்லர் எனக்கும் அவனுக்கும் நடுவில். அவன் தலைகூட எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஆளை நிறுத்தி வண்டி தள்ளக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தினமும் செய்கிறதுதானே என்று செய்தேன்.

பாதி உள்ளே போயிருக்கும். தும் என்றது. கால் வழியாகவே தெரிந்தது அந்த அடி. ஷட்டர் கடகடத்தது. வெல்டிங் செய்துகொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் முகக் கவசத்தைத் தூக்கி, "ஏர் பிளாஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி இறக்கிக்கொண்டார்.

லதா எழுந்து நின்றுவிட்டார். "என்னங்க அது சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா, ஏர் பிளாஸ்ட்டு. இந்த ஊர்ல வர்றதுதான். நீங்க உக்காருங்க" என்றேன். சொல்லிக்கொண்டே சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தேன். டக் போய்க்கொண்டே இருந்தது. கையால் தள்ளியிருந்தால் எதிலோ இடிக்கிறது என்று பத்து தோள்களில் ஒன்றாவது சொல்லியிருக்கும். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை.

லதா உட்காரவில்லை. அவருக்கு எங்கள் ஊர்ப் பெருமை எதுவும் தெரியாதே. சந்தின் வாயில் போய்க் குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, மிகச் சின்னக் குரலில் சொன்னார்: "அங்க ஒருத்தர் நுனிக் கால்ல நிக்கிறாருங்க."

விரலை எடுத்தேன். "தேவராஜு" என்று கூப்பிட்டேன். நெஞ்சு நசுங்கின ஆளால் எப்படிக் கத்த முடியும்?

5. எந்தப் பக்கம்

வெல்டர்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். "டக்க கழட்டுக்கா, கையால இழுத்துடலாம்" என்றார் ஒருவர். கழட்டினால் சரிவில் வண்டி இன்னும் சுவர்ப் பக்கம்தான் உருளும். டக்கின் பிரேக் ஒன்றுதான் அவனுக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிறது. டக்காலேயே வெளியே இழுத்தாக வேண்டும்.

கைப்பிடியில் இரண்டு சுவிட்ச். ஒன்று தள்ள, ஒன்று இழுக்க. இரண்டு வருஷமாகத் தினமும் அழுத்தின சுவிட்ச். எது எது என்று எனக்கு மறந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, சுத்தமாக மறந்துவிட்டது. மாற்றி அழுத்தினால் அவனை நானே கொன்றுவிடுவேன். விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"கட்டை வைங்க" என்றேன். "சக்கரத்துக்குப் பின்னால, செவுத்துப் பக்கமா. ரெண்டு சக்கரத்துக்கும். அடிச்சி எறக்குங்க." வெல்டர்கள் படுத்தபடி அடியில் ஊர்ந்து போய் மரக் கட்டைகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கினார்கள். இனி நான் தப்பாக அழுத்தினாலும் வண்டி அந்தப் பக்கம் போகாது.

ஒரு சுவிட்சைத் தொட்டேன். வண்டி என் பக்கம் வந்தது. பின்னால் மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது தேவராஜு கீழே விழுந்த சத்தம்.

விலா எலும்பு நான்கு, இடுப்பில் ஒரு விரிசல். மூச்சு இருந்தது. லதா தன் காரின் பின் சீட்டில் அவனைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

சாயந்திரம் சிவண்ணா கேட்டார்: "மிஷின்ல ஏதாவது ஃபால்ட்டா, சாந்தம்மா?"

"மிஷின்ல ஒண்ணுமில்ல சார். அது நிறுத்தச் சொன்னா நிக்கும். நான் நிறுத்தல."

பிறகுதான் போய்ப் பார்த்தோம். டிரெய்லரின் பின் மூலை ரேக் காலில் மாட்டி, பிளைவுட் அடுக்கு மொத்தமாகச் சரிந்திருந்தது. நாங்கள் கேட்டது அந்தச் சத்தம். பூமி அன்றைக்குச் சும்மாதான் இருந்தது.

6. தேவராஜு சொன்னது

மூன்று வாரம் நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. அவன் மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எடுத்த எடுப்பிலேயே அழுதுவிட்டேன்.

"ஏன்யா, பலகை விழுந்ததும் ஒரு வார்த்தை நிறுத்துன்னு சொல்லக் கூடாதா? உனக்கு நேரம் இருந்துச்சே."

"இருந்துச்சிக்கா" என்றான். "நான் பக்கத்து டிரெய்லர் எடவெளியப் பாத்துகினு இருந்தேன், பலகை எம் முதுகுக்குப் பின்னால வுழுந்துச்சி. நான் பாக்கல. தும்முன்னு கேட்டுச்சா, ஏர் பிளாஸ்ட்டுன்னு நெனச்சிகினேன். சின்னதுல அம்மா சொல்லுமே, ஆடனா செவுத்த ஒட்டி நில்லுன்னு. ஒட்டி நின்னேன்."

அவன் நின்றான். நான் தள்ளினேன். நடுவில் ஒரு பத்து விநாடி இருந்திருக்கும். அந்தப் பத்து விநாடியும் நாங்கள் இரண்டு பேரும், அடுத்தடுத்த லைனில் வளர்ந்த இரண்டு பேர், ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்தோம்.

"உம்மேல கோவம் இல்லக்கா. உன் எடத்துல நான் இருந்தாலும் தள்ளிகினேதான் இருந்திருப்பேன்" என்றான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. டக் பிடிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் விரலை எடுங்கள். அது என்ன சத்தம் என்று அதற்கப்புறம் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.