குப்பைக்குப் போன வாழ்த்து

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மணி பதினொன்றரை இருக்கும். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேரே உள்ளே வந்த பூங்காவனம், தன் போனை என் மூக்குக்கு அருகே நீட்டினார்.

"சார், இத கொஞ்சம் இன்னான்னு பாருங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

பார்த்தேன். ஒரு ஈமெயில். முதல் வார்த்தையே 'கங்கிராஜுலேஷன்ஸ்'. அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது?

"ஃபிராடும்மா. அழிச்சுடுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட காபியை எடுத்தேன்.

இவ்வளவு வேகமாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கிறீர்களா? இருக்கிறது... சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை, போனுக்கு வரும் மோசடி மெயில் விஷயத்தில் என் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. யாருக்கு என்ன மெயில் வந்தாலும் முதலில் என்னிடம்தான் காட்டுவார்கள். கார் பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த மெயிலைக் காட்ட, சங்கராபுரத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறியே வந்தார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஒளிப்பானேன்?

என் சொந்த இன்பாக்ஸும் அப்படித்தான்... துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் தினமும் நாற்பது ஐம்பது என்று வந்து குவியும். முடி வளர ஒன்று, எடை குறைய ஒன்று, எந்த நாட்டிலோ கணவரை இழந்த ஒரு சீமாட்டி தன் சொத்தையெல்லாம் எனக்கே எழுதிவைக்கத் துடிப்பதாக ஒன்று. என் மனைவி டீச்சர். கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் போதும், "அந்தம்மாவுக்கு இன்னுமா பதில் போடல?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

உட்கார்ந்து யோசித்தேன். இந்த மெயில்களுக்கெல்லாம் பொதுவாக என்ன இருக்கிறது? கண்டுபிடித்தேன். எல்லாமே நம்மை வாழ்த்துகின்றன! ஆக, 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்ற வார்த்தை இருக்கும் மெயில் எது வந்தாலும், இன்பாக்ஸுக்குள் நுழையாமல் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்படி ஒரு ஃபில்டர் போட்டேன். அவ்வளவுதான், பாதிச் சனியன் ஒழிந்தது.

யோசித்துப் பாருங்கள். நம்மை எல்லாம் இங்கிலீஷில் வாழ்த்த யார் இருக்கிறார்கள்? வெளியூரில் போய் ஊர்ப் பெயரைச் சொன்னாலே, "ஓ... கள்ளக்குறிச்சியா?" என்று இழுப்பார்கள். டி.வி.யில் பார்த்த ஏதாவது கெட்ட செய்தியைக் கேட்பார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருவோம். அப்படிப்பட்ட நமக்கு ஒருவன் வாழ்த்துச் சொன்னால், அவன் திருடனாகத்தான் இருக்க முடியும். இதுதான் என் சித்தாந்தம்.

இப்போது பூங்காவனத்துக்கு வருகிறேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டிப் போகவேண்டிய ஒரு ஊர் அவருக்கு. நாற்பது வயதிருக்கும். பத்தாவது வரை படித்தவர். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். சாமை, தினை எல்லாம் பயிரிடுகிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்து, எங்களைப் போல நாலைந்து வீடுகளுக்குச் சாமை அரிசி கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் சாமைச் சோறுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நோட்டீஸோடு வந்தார். போபாலில் சிறுதானியம் பற்றி ஒரு பெரிய கூட்டம். பழைய ரக விதைகளை வைத்திருக்கும் பெண்கள் வந்து பேசலாம், விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. விண்ணப்பத்தில் ஈமெயில் முகவரி கேட்டிருந்தார்கள். அவருக்கு ஈமெயில் கிடையாது. நான்தான் உருவாக்கிக் கொடுத்தேன். ஃபார்மை என் மனைவி இங்கிலீஷில் நிரப்பினார்.

போகிற போக்கில் ஒரு புண்ணியம் செய்தேன். என் ஃபில்டரை அவர் போனிலும் போட்டுவிட்டேன்! "இனிமே எவனும் உங்கள ஏமாத்த முடியாதும்மா" என்று சொல்லியும் அனுப்பினேன்.

விண்ணப்பத்தை அதோடு நான் மறந்துவிட்டேன். மலைமேல் ஒரு மூலையில் சாமை விதைக்கிற பெண்ணைப் போபாலில் எவன் கூப்பிடப்போகிறான் என்றுதான் நினைத்திருக்கிறேன். வெளியே சொல்லவில்லை, நினைத்தேன். அதுவும் தப்புதான்.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

நான் அழிக்கச் சொன்ன பிறகும் பூங்காவனம் நகரவில்லை. "முழுசா படிங்க சார்" என்றார்.

படித்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தெம்பு கூடியது. ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினேன். "கங்கிராஜுலேஷன்ஸ்னு ஆரம்பிக்கிறான், ஒண்ணு. உங்கள செலக்ட் பண்ணிட்டோம்ங்கிறான், ரெண்டு. ரயில் டிக்கெட் இலவசம், தங்கறது சாப்பாடெல்லாம் இலவசம், துணைக்கு வேற ஒருத்தர் வரலாமாம்... மூணு. ஆதார் காப்பி கேக்கறான், நாலு. லிங்க்க அழுத்துன்றான், அஞ்சு. இன்னிக்கே கடைசி நாள்ன்றான், ஆறு! எல்லாமே பொருந்துதும்மா. இத்தனை பொருத்தம் இருந்தா ஜோசியர் கல்யாணத்துக்கே நாள் குறிச்சுடுவாரு."

என் ஜோக்குக்கு நான் மட்டும் சிரித்தேன்.

"அதெல்லாம் சரி சார். கீழ ஒரு கேள்வி கேட்டுருக்காங்களே, அத பாத்தீங்களா?"

கேள்வியா? போனைத் திரும்ப வாங்கினேன். ஆமாம். கடைசிப் பத்தியில் இருந்தது. 'உங்கள் சிட்டஞ்சாமை ரகம், மழை தள்ளிப்போனாலும் தாங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். விதையைப் பூச்சி விழாமல் எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்பதையும் கூட்டத்தில் சொல்ல முடியுமா?'

"ஏமாத்தறவன் இத எதுக்கு சார் கேக்கறான்? அவனுக்கு என் பேங்க் நம்பரு போதுமே. என் வெதைய பத்தி அவனுக்கு இன்னா கவல?"

நான் காபியைக் கீழே வைத்தேன்.

எத்தனை வருடமாக ஸ்பேம் பார்க்கிறேன்... எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேன்! அவற்றில் ஒன்றாவது என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கிறதா? ஓ.டி.பி.யைத் தவிர நம்மிடம் தெரிந்துகொள்ள அவர்களுக்கு எதுவுமே இருப்பதில்லை. இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றவில்லை. பூங்காவனத்துக்குத் தோன்றியிருக்கிறது.

இருந்தாலும் கெத்தை விட முடியுமா? "ஃபார்மத் திருடிப் படிச்சிருப்பாங்க" என்று முனகினேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான்.

அதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தார். சனிக்கிழமை பள்ளி வைத்ததற்கு ஈடாக அன்று லீவு. "இது எப்ப வந்துச்சு பூங்காவனம்?" என்று கேட்டார்.

"மொத மெயில் வந்து பத்து நாளு ஆவுது டீச்சர். நேத்து ஒண்ணு வந்துருக்குது, பதிலு இல்லையேன்னு. மேல டவர் கெடைக்கறது இல்ல. இன்னிக்கு பஸ்ல வந்துக்கினு இருக்கசொல்ல, கச்சிராயபாளையத்தாண்ட சிக்னல் வந்துச்சு, தொறந்து பாத்தேன். ரெண்டுமே குப்பத்தொட்டியில கெடந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "குப்பைத்தொட்டிய எதுக்கும்மா தொறந்தீங்க? அதுல இருக்கறதுலாம் குப்பைன்னு சொன்னேனே?"

"சாமைய பொடைச்சா தூசிய அப்டியே கொட்டிட மாட்டோம் சார். சாமை ரொம்ப பொடிசு, தூசியோட கூட பூடும். அதனால ஒதுக்கின தூசிய இன்னொரு தபா பொடைச்சு பாத்துட்டுதான் கொட்டுவோம். பழக்கம்... அதான் இதையும் பாத்தேன்."

என் மனைவி என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"அந்த நோட்டீஸ் இருக்குதா?" என்றார் மனைவி. இருந்தது. பையின் அடியில், பிளாஸ்டிக் கவருக்குள் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார் பூங்காவனம். மெயிலில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, நோட்டீஸில் அச்சடித்திருந்த நம்பருக்குப் போட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை இன்னும் மிச்சமிருந்தது எனக்கு.

ஒரு பெண் எடுத்தார். இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். கள்ளக்குறிச்சி, பூங்காவனம் என்று ஆரம்பித்ததுமே அந்தம்மா கத்திவிட்டார். எங்கே போனீர்கள் இத்தனை நாளாக? தமிழ்நாட்டிலிருந்து தேர்வானது மூன்றே பேர், அதில் இவர் ஒருவர். அஞ்சு மணி வரை பார்த்துவிட்டுக் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவரைக் கூப்பிடுவதாக இருந்தோம். சீக்கிரம், தயவுசெய்து அந்த லிங்க்கை அழுத்துங்கள்...

போனை வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி சந்தோஷம், பாதி வெட்கம். இரண்டு முறை ஒருவர் எங்கள் ஊரை மனதார வாழ்த்தியிருக்கிறார். இரண்டையும் நான் குப்பையில் தள்ளியிருக்கிறேன். பூங்காவனம் மட்டும் அந்தத் தொட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால்? அஞ்சு மணிக்கு எல்லாம் முடிந்திருக்கும். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நானும், "பாத்தீங்களாம்மா, உங்களுக்கு ஒரு ஃபிராடு மெயில்கூட வரல" என்று மார்தட்டிக்கொண்டிருப்பேன்!

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன்.

"அத அப்பறம் பாத்துக்கலாம் சார். மொதல்ல அழுத்துங்க, மணி ஆவுது."

பல வருடங்களாக மெயிலில் வந்த எந்த லிங்க்கையும் தொடாதவன் நான். அழுத்தினேன். ஃபார்ம் திறந்தது. ஆதார், போட்டோ, துணைக்கு வரும் நாத்தனாரின் பெயர்... எல்லாம் போட்டு முடிக்க மணி மூன்றாகிவிட்டது. விதைக் கேள்விக்குப் பூங்காவனம் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினார். விதையை வேப்பிலையோடு கலந்து, மேலே சாம்பல் போட்டு மூடி வைப்பார்களாம். இத்தனை வருடமாக அவரிடம் சாமை வாங்குகிறேன். இதை நான் கேட்டதே இல்லை.

சமர்ப்பித்த பிறகு உறுதி மெயில் வரும் என்றார்கள். வரவில்லை. அஞ்சு நிமிஷம்... பத்து நிமிஷம்... "அந்தத் தொட்டியப் பாருங்க" என்றார் மனைவி. பார்த்தால், அங்கேதான் உட்கார்ந்திருந்தது. 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்று அதுவும் ஆரம்பித்திருந்தது! அந்த நிமிஷமே இரண்டு போனிலிருந்தும் ஃபில்டரை எடுத்தேன். இப்போது அந்தச் சீமாட்டி தினமும் என் இன்பாக்ஸுக்கே வருகிறார். வரட்டும், அழித்துக்கொள்கிறேன். அரை நிமிஷ வேலை.

பயண நாளன்று சின்னசேலம் ஸ்டேஷனுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். அங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து போபால். வழியனுப்ப மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள். பிளாட்பாரத்தில் ஒருவர் என்னிடம், "யாருங்க, கட்சிக்காரங்களா?" என்று கேட்டார்.

"விவசாயிங்க. சாமை பத்திப் பேச போபாலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நம்ம கல்வராயன் மலைதான்" என்றேன். கேட்காத இரண்டு பேரிடமும் வலியப் போய்ச் சொன்னேன். ஊர்ப் பெயரை அவ்வளவு சத்தமாக நான் சொல்லிப் பல காலம் ஆகிறது.

பூங்காவனத்தின் மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே நாலு ரகச் சாமை விதை. "சீட்டுக்கு அடியில வெச்சுக்கோங்க" என்று யாரோ சொல்ல, "வேணாம், மடியிலயே இருக்கட்டும்" என்றார். ரயில் கிளம்பியபோது பிளாட்பாரத்தில் நின்றவர்கள் கையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நாலாம் நாள் மத்தியானம் போபாலிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டாராம். பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்களாம். தமிழிலேயே பேசினாராம், பக்கத்தில் ஒருவர் நின்று ஹிந்தியில் சொன்னாராம். பேச்சு முடிந்தும் ஆட்கள் விடாமல் விதையைக் கையில் வாங்கிப் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டதில் அரை மணி நேரம் ஆகிவிட்டதாம்.

"அவ்ளோ பெரிய கூட்டத்துல, மைக் முன்னால... பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இங்க பேசறது ஒண்ணும் கஷ்டமா இல்ல சார். இவங்கள நம்ப வெக்கறது சுலுவா இருந்துச்சு. அன்னிக்கு உங்கள நம்ப வெக்கறதுக்குள்ளதான் போதும் போதும்னு ஆயிடுச்சு!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்... கேட்கட்டுமே!