அரசாணிச் சாம்பலும் வெற்றிலைச் சாம்பலும்

“…உங்க வெத்தலையோட கொண்டு கொடுத்துக்கிட்டது எங்க ஊட்டு அரசாணி இல்லீங்க கொழுந்தனாரே, உங்க மாமனார் ஊட்டுல இருந்து வந்த வெதைக்கொடிதானுங்க” என்று அந்த வீட்டு அம்மாள் சொல்லி முடித்தபோது, மாட்டுக்கொட்டகை ஓரமாக நாங்கள் நான்கு பேர் ஒரு மண்தொட்டியைச் சுற்றி நின்றிருந்தோம். தொட்டியில் ஒரு வெற்றிலைக் கொடி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அன்றைய செய்தி.

வெள்ளைக்காரன் காலம். நான் விவசாய இலாகாவில் இலை பொறுக்குகிற ஆள். நாமக்கல் பக்கம் சைக்கிளில் சுற்றி, நோய் கண்ட இலைகளைப் பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்தி, அஸ்தம்பட்டியில் இருந்த ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். “செடிக்கு வந்த சீக்கை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போற ஆளு” என்று ஊரில் சொல்வார்கள். வேலையை அதைவிடச் சரியாக மேலதிகாரிகூடச் சொன்னதில்லை. பூசணங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் நின்று, அவர் முணுமுணுப்பதைக் கேட்டுக் கற்றதுதான்.

துருநோய், கரிப்பூட்டை எல்லாம் ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாம்பல் நோய் அப்படியில்லை. எந்தச் செடியில் வந்தாலும் இலைமேல் திருநீறு தூவின மாதிரி ஒரே வெள்ளை. அதற்குள் இனம் பிரிக்க வேண்டுமானால், அந்த வெள்ளைக்கு நடுவே ஊசிமுனை அளவுக்குக் கறுப்பாகக் காய் பிடிக்க வேண்டும். காயைச் சுற்றி முளைக்கிற ரோமம் நேராக நிற்கிறதா, நுனி வளைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பேர் வைப்பார்கள். குளிர்தேசத்தில் அது தாராளமாகக் காய்க்குமாம். நம் வெயிலில் லேசில் காய்ப்பதில்லை. ஆகவே நான் கொண்டுபோகிற வெள்ளைக்கெல்லாம் ஒரே தற்காலிகப் பேர்தான். பேர் வைக்கிறவரைக்கும் எல்லாக் குழந்தையும் பாப்பா என்கிற மாதிரி.

“காய் இல்லேன்னா எந்தச் செடியில குடியிருக்குதுன்னு பாரு. ஒண்ணு இருக்கிற வீட்டுல இன்னொண்ணு பெரும்பாலும் குடிபோகாது” என்பார் அதிகாரி. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேச்சு நம் பேச்சு இல்லை. விஷயம் விளங்கியது.

அந்த மார்கழியில் இந்த அம்மாளின் வேலியில் அரசாணிக் கொடி ஏகமாகப் படர்ந்திருந்தது. பரங்கிக்காயைத்தான் எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம். மகளுக்குத் தையில் கல்யாணம். பந்திக்குப் பொரியல் அந்தக் காய்தான் என்று பிஞ்சிலேயே முடிவாகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தனாரின் வெற்றிலைக் கொடிக்கால். அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. பேச வேண்டியதையெல்லாம் அந்த அம்மாள்தான் பேசினார். அவர் வீட்டுக்காரரான அண்ணன்காரர் பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருப்பார்.

அரசாணி இலையில் சாம்பல் விழுந்தது. கொஞ்ச நாளில் வெற்றிலையிலும் விழுந்தது. கொழுந்தனார் வேலிக்கு வந்து நின்றுவிட்டார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.

“நங்கையா, உங்க கொடியப் புடுங்கிப் போடுங்க. அதுல இருந்துதான் எனக்கு வந்திருக்குது.”

“பூவும் பிஞ்சுமா நிக்கறதப் புடுங்கோணுமா? பந்தியில எதைப் போடறது, உங்க வெத்தலையப் பொரிச்சா?”

கந்தகத்தூள் தூவலாமே என்று நான் நடுவில் புகுந்தேன். கொழுந்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வெத்தல மனுசன் வாயில போடறதுங்க. வேட்டா வெடிக்கறது?”

இலாகா ஆள் சொல்கிறபடி நடப்பது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். நான் பூதக்கண்ணாடியில் இரண்டு இலையையும் பார்த்தேன். இரண்டும் வெள்ளையாக இருந்தன. இவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று யோசித்து, நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே என்ற தைரியத்தில் சொன்னேன்.

“பாக்க ஒண்ணு மாதிரி இருக்குமுங்க. ஆனா அது வேற கூட்டம், இது வேற கூட்டம்.”

எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம்; ஒரே கூட்டத்தார் எல்லாம் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அதற்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது என்று நினைத்தேன்.

கொழுந்தனார் சற்று யோசித்தார். “வேற கூட்டம்னா கட்டிக்கலாமுங்களே?”

கயிறு திரித்துக்கொண்டிருந்த அண்ணன்காரர் தலையாட்டினார். பல வருஷத்தில் தம்பி சொன்னதற்கு அவர் ஆமோதித்தது அதுதான் முதல் தடவை.

நான் பதறி, “சரிங்க, ஒரே கூட்டம்னே வச்சுக்குங்க” என்றேன்.

“அப்பப் பங்காளி. பங்காளி ஊட்டுக்குப் பங்காளி வராம வேற யாருங்க வருவாங்க?”

எந்தப் பக்கம் திரும்பினாலும் அரசாணிக்குத்தான் ஆபத்து. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏனுங்க சாமி, நீங்க பேசாம டீத்தண்ணி குடிச்சுப் போட்டுப் போயிருந்தா, என்ற கொடி பொழச்சிருக்குமுங்க.”

அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். கூட்டம் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். “இனிமேல் உவமை சொல்லாதே. இதை எடுத்து அதில் தேய். வருதா பார்” என்றார்.

கொடிக்காலுக்குள் பெண்கள் காலெடுத்து வைப்பது வழக்கமில்லை. ஆகவே ஆற்றங்கரையில் சாம்பல் இல்லாத ஒரு கொடிக்காலிலிருந்து வேர்விட்ட கொடி ஒன்றைத் தொட்டியோடு கொண்டுவந்து, அந்த அம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகை நிழலில் வைத்தேன். தினமும் சாம்பல் விழுந்த அரசாணி இலையை அதன்மேல் தேய்க்க வேண்டியது. வெற்றிலையில் ஒரு பொட்டு வெள்ளை கண்டாலும் தன் கையாலேயே அரசாணியைப் பிடுங்கிவிடுவதாக அந்த அம்மாள் வாக்குக் கொடுத்தார்.

காலையில் பால் கறந்ததும் அவர் தேய்ப்பார். சரியாகத் தேய்க்கிறாரா என்று பார்க்கக் கொழுந்தனார் வந்துவிடுவார். “அழுத்தித் தேய்ங்க நங்கையா, கொழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி தடவாதீங்க.” “நீங்களே தேய்ங்க, உங்க சாதிக் கொடிதானே.” அவரும் தேய்ப்பார். காப்பித்தண்ணி நீட்டினால் மட்டும் வாங்கமாட்டார். இன்னும் வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை என்கிற கோபம். அழைக்கிற நிலைமையில் அவர்களும் இல்லை.

இதற்கிடையில் செருப்பை வெளியே விட்டுவிட்டு நான் கொடிக்காலுக்குள் போய்ப் பார்த்தேன். அரசாணிக்குப் பக்கத்து வரிசைகளெல்லாம் பச்சையாக இருந்தன. வெள்ளை அப்பியிருந்தது கோடியில், கிணற்றடியில். அந்த இரண்டு பாத்திக்கு மட்டும் நட்ட விதைக்கொடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மாமனார் ஊரிலிருந்து என்றார் கொழுந்தனார். அந்த அம்மாள் கேட்டபோது நான் மறைக்கவில்லை.

வாரச்சந்தை இரண்டு மூன்று கழிந்தது. தை பிறந்துவிட்டது. நான் பூதக்கண்ணாடியோடு போனேன். தொட்டிக்கொடியில் இலை இலையாகப் புரட்டிப் பார்த்தேன். கொழுந்தனார் கண்ணாடியை வாங்கி அவரும் புரட்டினார். கயிற்றை வைத்துவிட்டு அண்ணன்காரரும் எழுந்து வந்து பார்த்தார். தேய்த்துத் தேய்த்து இலை கொஞ்சம் பளபளப்பாகியிருந்தது. அவ்வளவுதான். வெள்ளை இல்லை.

அப்போதுதான் அந்த அம்மாள் மாமனார் ஊட்டு விதைக்கொடியைப் பற்றிச் சொன்னார்.

கொழுந்தனார் பூதக்கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாள் குனிந்து, அத்தனை நாளும் தேய்பட்ட அந்த நுனி இலைகளில் இரண்டைக் கிள்ளினார். முந்தானையில் ஒருதரம் துடைத்தார். இடுப்புப் பையிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து இலைமேல் வைத்து, இரண்டு கையாலும் கொழுந்தனாரிடம் நீட்டினார்.