விட்டுப்போன வட்டம்

“கண்ணாடியைப் பாருங்க சார்! முகம் பாக்க இல்ல, பின்னாடி வர்றவனைப் பாக்க!” என்று சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுகிறது. ஓட்டுநர் பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒரு பிரேக் உண்டு. பதினாறு வருடமாக அதை மிதித்துப் பழகியவர். சினிமா பார்க்கப் போனாலும், திரையில் கார் வேகமெடுத்தால் அவர் கால் தரையை அழுத்தும். முன் இருக்கைக்காரர் திரும்பி முறைப்பார்.

வயது நாற்பத்தொன்று. குள்ளம். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ‘ஹேண்ட் பிரேக்’ என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். “இழுத்துப் பிடிச்சாத்தானே வண்டி நிக்குது? சொல்லிட்டுப் போகட்டும்” என்பார். ஐம்பத்துமூன்று வயதில் ஓட்டக் கற்க வந்த என்னிடம் முதல் நாளே, “ஸ்டியரிங்கை ஏன் சார் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க? அது உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் தளர்த்திப் பிடித்தேன்.

பயிற்சியின் ஒன்பதாவது வகுப்பில், சிக்னலில் நிற்கும்போது, “சார், எனக்கு மார்புல கட்டி. புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. பச்சை விழுந்துடுச்சு, கிளம்புங்க” என்றார். வண்டி அணைந்து தொலைந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனால் திட்டித் தீர்த்தார்கள்.

அவருடைய அம்மா ஐம்பத்திரண்டு வயதில் இதே நோயில் போனவர். அதனால் டாக்டர் உடனே அறுவைக்கு நாள் குறிக்கவில்லை. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார். பரம்பரைக் கோளாறு இல்லையென்றால் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுக்கலாம். இருந்தால் அடுத்த மார்பிலும் பின்னால் வர வாய்ப்பு அதிகம். இரண்டையும் எடுத்துவிடலாமா என்று யோசிக்க வேண்டும், மருந்தும் மாறலாம். முடிவு வர மூன்று வாரம். “எவ்வளவு வெட்டணும்னு ஒரு காகிதம் வந்து சொல்லணுமாம்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசோதனைக்கு முன் ஆலோசகர் ஒருவர் குடும்பப் படம் வரைந்தாராம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் ஒரு கோடு. “கூடப் பொறந்தவங்க?” என்று கேட்டதற்கு, “யாருமில்ல” என்றிருக்கிறார் டீச்சர்.

பச்சைப் பொய். ஆறு வயது இளைய தங்கை ஒருத்தி இதே ஊரில்தான் இருக்கிறார். அம்மாவின் கடைசி மாதத்தில், “போதும்க்கா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்றார் தங்கை. “இன்னும் ஒரு ஊசி போட்டுப் பாப்போம்” என்றார் அக்கா. அம்மா ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார். “அவங்களை நிம்மதியா சாகக்கூட விடலியே நீ” என்று தங்கை கத்த, “இனி எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல” என்று அக்கா சொன்னார். சொன்ன சொல்லை ஒன்பது வருடமாகக் காப்பாற்றுகிறார், ஆஸ்பத்திரிப் படத்தில்கூட! என்ன வீம்போ!

ஆனால் ஏக்கம் எங்கே போகும்? “சின்ன வயசுல என்மேல காலைத் தூக்கிப் போட்டாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கழுதை, அவ்வளவு கனம். இப்பவும் நான் கட்டில்ல ஓரமாத்தான் சார் படுக்கிறேன். சுவர்ப் பக்கம் அவ இடம்.” இதைச் சொன்ன கையோடு, “கிளட்ச்!” என்று அதட்டினார். நான் கிளட்ச்சில்தான் கால் வைத்திருந்தேன்.

முடிவு வந்தது. கோளாறு இருந்தது. இரண்டு மார்பையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார் டீச்சர். அதற்கு அவருக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. ஆலோசகர் அடுத்து சொன்னதுதான் அவரை அசைத்துவிட்டது. “கூடப் பொறந்தவங்க இருந்திருந்தா, அவங்களையும் சோதிச்சிருப்போம். அவங்களுக்கும் இந்தக் கோளாறு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

டீச்சர் கொஞ்ச நேரம் கிராம்பை மென்றாராம். பிறகு, “அந்தப் படத்தை எடுங்கம்மா. ஒரு வட்டம் விட்டுப்போச்சு” என்றாராம். ஆலோசகர் திட்டவில்லை. வட்டம் போட்டு, அக்காவின் நோயையும் அறுவையையும் சொல்லி, சோதனைக்கு வரும்படி தங்கைக்கென்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மாலை தங்கை வீட்டுக்கு என்னைத்தான் ஓட்டச் சொன்னார். வழியெல்லாம் நான் செய்த தப்புகளில் ஒன்றைக்கூட அவர் திருத்தவில்லை. வாசலில் வண்டி நின்றதும், “உள்ள எல்லாம் போகமாட்டேன். கடிதத்தைக் கொடுத்துட்டு வந்துடுவேன். ரெண்டு நிமிஷம், இன்ஜினை அணைக்காதீங்க” என்று இறங்கினார்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அதே நெற்றி, அதே குள்ளம். அவர் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எனக்கு இருக்கா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். அக்கா, உனக்கு எப்ப ஆபரேஷன்? கூட இருக்க யாரு வர்றாங்க?”

டீச்சர் என் பக்கம் திரும்பாமலே வலக்கையைப் பின்னால் நீட்டி, சாவியைத் திருப்பி வண்டியை அணைப்பதுபோல் மணிக்கட்டைத் திருப்பினார்.