ஒரு நிமிடப் பிழை

ஜெர்மனியின் ஹம் நகரில் நான் வேலைசெய்யும் முதியோர் இல்லத்துக்கு அருகே, இரண்டாம் உலகப் போரில் வெடிக்காமல் போன குண்டு ஒன்று கிடைத்தது. எல்லோரையும் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். நூறு வயதை நெருங்கிய, மெலிந்த கிழவர் ஒருவர் மட்டும் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போர்க்காலத்தில் ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தில் வழிகாட்டியாக இருந்தவர்.

"இருட்டில ஊரை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?" என்று கேட்டேன்.

"நட்சத்திரத்தையும் மணிக்கூட்டையும் பாத்துத்தான். ஒரு நிமிசம் பிழைச்சா வேற ஊர்."

"பிழைச்சதோ?"

"ஓம், ஒருக்கா. குண்டைப் போட்ட பிறகுதான் தெரிஞ்சது."

யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடியவள் நான்.

குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டதாக அறிவித்ததும் மண்டபமே கைதட்டியது. அவர் என் கையை இறுகப் பற்றினார். உதறத்தான் நினைத்தேன். ஏன் உதறவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.