நோட்டீசில் என் கருப்பு முகம்

வார்டு தேர்தலுக்கு நின்றபோது திண்டிவனத்தில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். என் முகம் ஒரே மைக்கறையாக வந்தது. என்னைப்போல் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தானே ஓட்டுப் போடுவார்கள்?

"வெளுப்பாக்கிடட்டாம்மா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"வெளுத்தா அது நானாடி?"

கருப்பு நிறத்தைப் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரித்தால் கண்ணும் மூக்கும் தெரியும் என்றாள். வேலை சீக்கிரம் முடிய, படத்தை நாலு துண்டாக்கிக் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் ஓட்டினாள். துண்டுகள் சேரும் இடத்தில், மூக்கின்மேல் கோடு விழுந்தது.

"மூஞ்சில வரப்பு கட்டிட்டியே!"

"ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைப் பார்க்காம புள்ளி வெச்சிக்கினு போயிருக்கும்மா" என்று சிரித்தவள், ஓரங்கள் ஒன்றையொன்று பார்த்துப் புள்ளி வைக்கும்படி திருத்தினாள். கோடு மறைந்தது. கருப்பும் சுருக்கமும் அப்படியே இருந்தன.

நோட்டீஸை வாங்கிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாக்கா, பேப்பர்லயும் மொறைக்கிற?" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.